வலிக்காத புண்

கொல்லிமலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் வல்வில் ஓரியைப் பற்றிச் சொல்வார்கள். ஆகாய கங்கை அருவியைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கோ அந்த மலையின் பெயரைக் கேட்டாலே கொல்லிப்பாவையின் நினைவுதான் முதலில் வரும். காண்பவர் மயங்கும்படி அழகாகச் சிரிக்கும் பாவை. அந்தச் சிரிப்பில் மயங்கி அருகே போனவனைக் கொன்றுவிடுமாம். கொல்ல வருவது கோர உருவத்தோடு வந்தால் மனிதன் தப்பி ஓடிவிடுவான். இனிமையாக வந்தால் என்ன செய்வான்? நம் முன்னோர் இந்தக் கதையைச் சும்மா கட்டிவிடவில்லை என்று தோன்றுகிறது.

வலி இல்லாமல் இருப்பதே சுகம் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். தெய்வத்தின் முன் கைகூப்பிக் கேட்கும் வரங்களில் பாதி இந்த ஒன்றுக்காகத்தான். ஆனால் வலியே இல்லாத உடம்பு உண்மையில் வரம்தானா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர், கொல்லிமலையில் செம்மேட்டுக்குச் சற்றுத் தள்ளி மிளகும் காபியும் பயிரிட்டு வாழும் ஒரு முதியவர். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெலிங்டனில் பயிற்சி பெற்று, 1971 யுத்தத்தைக் கண்ணால் கண்டவர்.

அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை வியாதி. அதையும் ஒரு பட்டாளத்து உத்தரவு போல ஏற்றுக்கொண்டு மாத்திரை விழுங்கி வந்தார். ஒருநாள் அவர் மனைவி வீட்டைப் பெருக்கும்போது தரையில் ரத்தக் கறையைப் பார்த்திருக்கிறார். கறையைத் தொடர்ந்து போனால் அது கணவரின் காலடியில் போய் முடிந்தது. உள்ளங்காலில் ஓர் ஆணி ஏறியிருந்தது. எத்தனை நாளாக என்று அவருக்கே தெரியவில்லை. புண் பழுத்து, பெருவிரல் கறுத்திருந்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே ஒரு பெரிய நவீன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முன்னாள் ராணுவத்தினருக்காக 2003 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய மருத்துவத் திட்டத்தின் அட்டை அவரிடம் இருந்தது. பணத்துக்குக் கவலை இல்லை.

“ஆஸ்பத்திரியா சார் அது! தரை கண்ணாடி மாதிரி. படுக்க வைத்து ஒரு மெஷினுக்குள் தள்ளினார்கள். கால் நரம்பு, ரத்தக் குழாய் எல்லாம் திரையில் தெரிகிறது. ஒரு விரலை எடுத்தார்கள், காலைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். என் அப்பாவுக்கு இதே மாதிரி வந்தபோது பச்சிலை வைத்துக் கட்டினோம். மூன்றே மாதத்தில் போய்விட்டார்” என்றார்.

நவீன மருத்துவத்தைக் குறை சொல்வது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அந்தக் காலத்து வைத்தியர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார், இந்தக் காலத்து டாக்டர் திரையைத்தான் பார்க்கிறார் என்று நாம் அங்கலாய்க்கிறோம். அது ஓரளவு உண்மைதான். ஆனால் ஆறுதலோடு சாவதா, ஆறுதல் இல்லாமல் பிழைப்பதா என்று கேட்டால் ஹவில்தார் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வார். நானும் அதையே சொல்வேன்.

எனினும், அந்த ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிட்டது. புண் ஆறி வரும் சமயத்தில் ஓர் இளம் நர்ஸ் வந்து, “கண்ணை மூடிக்கொள்ளுங்கள் தாத்தா. காலில் நான் தொடும்போதெல்லாம் ‘ஆமாம்’ என்று சொல்லுங்கள்” என்றாளாம். அவள் கையில் ஒரு சிறு நைலான் இழை இருந்தது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. அந்த அழுத்தம் தெரியாத பாதத்துக்குக் காவல் போய்விட்டது என்று அர்த்தம். இவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் ஆயிற்று.

“எப்போது ஆரம்பிக்கப் போகிறாய் அம்மா?” என்று கேட்டார்.

“முடிந்துவிட்டது தாத்தா” என்றாள் அவள்.

“துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுங்காதவன் சார் நான். அந்தப் பெண் சொன்ன வார்த்தைக்கு நடுங்கிப்போனேன்” என்றார் ஹவில்தார். பிறகு சொன்னார்: “முள் குத்தினால் பிடுங்கி எறிந்துவிட்டு நடக்கிறவன் நான். வலிக்கிறது என்று எவனிடமும் சொன்னதில்லை. கடைசியில் என் காலும் என்னைப் போலவே ஆகிவிட்டது.”

இதில் ஒரு விசித்திரமான பொருத்தம் இருக்கிறது. இதே கொல்லிமலையில் வாழ்ந்த ஓர் ஆங்கிலேய மிஷனரித் தம்பதிக்கு 1914 ஜூலை 17-ஆம் தேதி ஒரு மகன் பிறந்தான். பால் பிராண்ட் என்று பெயர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போனான். 1929-இல் தந்தை மலையிலேயே விஷக் காய்ச்சலில் இறந்தபோது மகன் அருகில் இல்லை. பின்னாளில் அவர் அறுவை மருத்துவராகி, யுத்த காலத்து லண்டனில் குண்டு வீச்சில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

தொழுநோய் விரல்களை அழுகச் செய்துவிடுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்ட் அதை நம்பவில்லை. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை! நோய் தின்றது நரம்பை. விரல்களைத் தின்றவை பூட்டும், அடுப்பும், கொதிக்கும் பாத்திரமும், இரவில் வந்து கடித்த எலிகளும். கையை இழுத்துக்கொள் என்று சொல்ல வலி என்ற காவலாளி இல்லாமல் போனதுதான் காரணம். 1966-இல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் அதே புண்களைக் கண்டார். வேலூரில் கற்ற பாடத்தை அவர்களுக்கும் பயன்படுத்தினார். இன்று நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கும் மேல் என்று 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கொல்லிமலையில் வளர்ந்தவர் கண்ட உண்மை கொல்லிமலை ஹவில்தாரின் காலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

பிராண்டின் வாழ்க்கையில் ஒரு தோல்வியும் உண்டு. அந்தத் தோல்விதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. வலி தெரியாதவர்களுக்குச் செயற்கையாக ஒரு வலியை உண்டாக்கிக் கொடுக்க அவரும் அவருடைய கூட்டாளிகளும் பல ஆண்டுகள் முயன்றார்கள். கையில் அழுத்தம் மிகுந்தால் காதில் ஓசை எழும்பும்படி கருவி செய்தார்கள். நோயாளிகள் ஓசையைப் பொருட்படுத்தவில்லை. மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவசர வேலை வந்தால் அவர்கள் கருவியையே நிறுத்திவிட்டு வேலையை முடித்தார்கள். கடைசியில் முயற்சி கைவிடப்பட்டது. நாமே நிறுத்திவிடக்கூடிய வலி நம்மைக் காப்பதில்லை என்பது தெளிவாயிற்று.

வீரம் என்றால் என்ன என்று இங்கேதான் கேட்கத் தோன்றுகிறது. வலி தெரிந்தும் நிற்பவன் வீரன். வலி தெரியாமல் நிற்பவன் கல்தூணைப் போன்றவன். தூணுக்கு யாரும் பதக்கம் தருவதில்லை. ஆனால் பட்டாளமானாலும் குடும்பமானாலும் இரண்டையும் ஒன்றாகவே போற்றுகிறோம். ‘அவர் வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டார்’ என்று நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறோம். கேட்காதவருக்குத் தேவை ஒன்றும் இல்லை என்று மெல்ல மெல்ல நாமும் நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஹவில்தாருக்கு ஒரு கட்டளை இட்டார்கள். தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தம்மால் குனிந்து பார்க்க முடியாவிட்டால் வேறொருவர் பார்க்க வேண்டும். முதலில் அவருக்கு இது பொறுக்கவில்லை. “காலைத் தொடாதே” என்று மனைவியை அதட்டினாராம். அந்த அம்மாள் விடவில்லை. “உங்கள் காலுக்கு வலி தெரியாது. எனக்குத் தெரியும். பேசாமல் இருங்கள்” என்று சொல்லி, டார்ச்சு விளக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

எத்தனையோ தத்துவ நூல்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை அந்த அம்மாள் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். பிராண்டின் கருவியை நோயாளி நிறுத்திவிட முடிந்தது. மனைவியின் கவலையை ஹவில்தாரால் நிறுத்த முடியவில்லை. தன் உடம்பின் நரம்பு செத்த இடத்தில் இன்னொருவருடைய மனம் நரம்பாக வேலை செய்கிறது.

ஒரு நாட்டுக்கும் இது பொருந்தும். தனக்காகப் போராடியவனுக்கு அட்டை கொடுப்பதும் கண்ணாடித் தரை போட்ட ஆஸ்பத்திரி கட்டுவதும் நாட்டின் கடமை. அதைக் கருணை என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. பட்ட கடனைத் தீர்ப்பது அது. ஆனால் வலிக்கிறது என்று சொல்லி வருகிறவனுக்கு மட்டுமே அந்தக் கதவுகள் திறக்கின்றன. சொல்லத் தெரியாதவன், சொல்லக் கூசுகிறவன், வலியே தெரியாமல் போனவன் ஆகியோர் மலைமேல் தங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டுத் தரையில் ரத்தக் கறை இருக்கிறதா என்று குனிந்து பார்க்க எந்த இயந்திரமும் வராது. மனிதர்தான் போக வேண்டும்.