பறிகொடுத்ததும் துறவாகுமா?

அமர்கண்டக்கில் பிறந்து, விந்தியத்துக்கும் சாத்பூராவுக்கும் நடுவே மேற்கு நோக்கி ஏறத்தாழ 1,312 கிலோமீட்டர் ஓடி, பரூச்சுக்கு அப்பால் கடலில் கலக்கும் நர்மதையை, எவ்விடத்தும் குறுக்கே கடவாமல், எப்போதும் வலக்கைப் பக்கமாகவே வைத்துக்கொண்டு, சங்கமத்தில் மட்டும் கடல்வழியே படகேறி மறுகரை சேர்ந்து, நடந்தே வலம்வருகிற விரதம் இன்றும் அநுஷ்டிக்கப்படுகிறது. சாதுர்மாஸ்யம் எனும் மழைக்கால நான்கு மாதங்களில் ஓரிடத்தில் தங்கி, முறைப்படி நடப்பவருக்கு 3 ஆண்டு, 3 மாதம், 13 நாள் ஆகும் என்பது சம்பிரதாயம்.

கம்பளி ஒன்று, கோல் ஒன்று, கமண்டலம் ஒன்று, காலையும் மாலையும் பூஜிப்பதற்கு ஒரு சிறு குப்பியில் நர்மதை நீர்: இவ்வளவே அந்த யாத்திரிகரின் உடைமை. பொழுது சாயும் இடத்தில், ஆசிரமமோ தர்மசாலையோ இல்லையெனில் மரத்தடியிலோ மணற்பரப்பிலோ இறங்கி, கிராமத்தார் 'நர்மதே ஹர்' என்று சொல்லி இட்ட மாவைப் பிசைந்து, மூன்று கல் கூட்டிச் சுள்ளி எரித்து, கனத்த ரொட்டி சுட்டுத் தின்று, ஆற்றின் ஓசையிலேயே உறங்குகிறார். இந்த எளிமையைப் புகழ்ந்துரைப்பது சுலபம். ஆயினும், வீடும் நிலமும் ஊரில் பத்திரமாகக் காத்திருக்க, மணலில் படுத்துறங்கியதனால் மட்டுமே ஒருவன் துறவியாகிவிட்டான் என்று ஒப்ப என் மனம் இசையவில்லை.

அந்த ஐயத்தைக் கூர்மையாக்கும் இடம் சூலபாணிக் காடு. மலைகள் நதியை நெருக்கி நிற்கும் அந்த நெடிய வனத்தில் பீல் பழங்குடி மக்கள் யாத்திரிகரை மறித்து, கம்பளியையும் பாத்திரத்தையும் மட்டுமன்றி, உடுத்த துணியையும் உரிந்துகொள்வது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. விந்தை என்னவெனில், இதைக் கொள்ளை என்று நொந்துகொள்ளாமல், நர்மதை அன்னை தன் மக்களைக் கொண்டு நடத்தும் பரீக்ஷையாகவே பக்தர்கள் ஏற்றார்கள். அரைக் கோவணத்துடன் காட்டைக் கடந்தவர்களுக்கு அடுத்த ஊரார் துணியும் மாவும் கொடுத்தார்கள். பலவந்தமாகப் பிடுங்கப்பட்டதைத் துறவு என்று கொள்வது பொருந்துமா? கம்பளியைப் பிறர் பறிக்கலாம். அது என்னுடையது என்ற அபிமானத்தைப் பறிக்கப் பிறரால் ஆகாது, அதை உடையவனே விட்டாகவேண்டும். ஆனால் இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு: காட்டில் என்ன நேரும் என்பதை நன்கறிந்தே அவர் அதனுள் புகுந்தார். இழப்பதற்கு அவர் உள்ளம் முதல் அடியிலேயே சம்மதித்துவிட்டது. பீல் மகனின் கரம் அந்தச் சம்மதத்தை நிறைவேற்றியது, அவ்வளவே. ஆகையால் அதைத் துறவு என்று சொல்லத் தடையில்லை என்பதே என் துணிபு. சம்மதம் முன்னே நிற்க, கொடுக்கும் கைகள் பின்னே காத்திருந்தன. இவ்விரண்டும் இல்லாவிடத்தில் அதே இழப்பு வெறும் துன்பமே.

இதை நான் வலியுறுத்தக் காரணம், அதே காட்டில் பிற்காலத்தில் நேர்ந்த வேறோர் இழப்பு. 1961இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2017இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சர்தார் சரோவர் அணை 138.68 மீட்டர் வரை படிப்படியாக உயர்ந்தபோது, யாத்திரிகரின் பழைய ஒற்றையடிப் பாதைகளும், சூலபாணேசுவரர் ஆலயமும், பீல் மக்களின் ஊர்களும் வயல்களும் நீருள் மறைந்தன. ஆலயத்துக்கு வேறிடத்தில் புதிய கட்டடம் எழுந்தது. ஒருகாலத்தில் பிறர் உடைமையைக் களைந்தவர் எனப் பேர்பெற்றவர்கள், தம் உடைமை அனைத்தையும் இழந்து நின்றபோது, தேச நன்மைக்கு அவர்கள் செய்த தியாகம் என்று மேடைகளில் அது போற்றப்பட்டது. யாத்திரிகன் தானே தேர்ந்து புகுந்த காடு அது. இவர்களோ தண்ணீர் தங்கள் வாசலுக்கு வரச் சம்மதித்தவர்கள் அல்லர். கேளாமல் கொண்டதற்குத் தியாகம் என்று பெயரிடுவது, கொண்டவன் தன் மனச்சாட்சியை உறங்கவைக்கும் உபாயமே.

நிலம் இழக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர் நிலமே ஈடாகத் தரவேண்டும் என்று நர்மதை நீர்த் தகராறு நடுவர் மன்றம் 1979இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அந்த ஈடு கடைசிக் குடும்பம் வரை ஒழுங்காகச் சென்றடையும் நாள்மட்டும், அவர்களது தியாகத்தைப் பாராட்டும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை.