எந்தக் கதவை முதலில் திறப்பது?

கொள்ளை நோய் வந்தால் ஊரை விட்டு வெளியேறக் கூடாது, நோயுள்ள ஊருக்குள் போகவும் கூடாது என்ற நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லை. 2020 மார்ச்சு 24ஆம் தேதி இரவு நாடு முழுவதற்கும் அடைப்பு அறிவிக்கப்பட்டபோது மார்க்கத் தீர்ப்பு நம் கையில் ஆயத்தமாகவே இருந்தது. பள்ளிவாசலை மூடுவதா என்று மனம் பதறினாலும், கிதாபைப் புரட்டிய உலமாப் பெருமக்கள் நம்மைச் சமாதானப்படுத்தி விட்டார்கள். நாம் தடுமாறியது அடைத்தபோது அன்று, திறந்தபோதுதான். அடைத்த கதவுகளை எந்த வரிசையில் திறப்பது, யாருடைய நலனுக்காகத் திறப்பது, திறப்பதால் வரும் ஆபத்தை யார் தலையில் ஏற்றுவது என்பன பற்றி நம்மிடையே அன்று எவரும் அதிகமாகப் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அந்த அவசர நிலை முடிந்ததாக அறிவித்து விட்டது. பதற்றம் தணிந்த இந்நேரத்திலாவது அதைச் சிந்திப்பது நல்லது.

தமிழகத்தில் கதவுகள் திறந்த வரிசையைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். 2020 மே 7ஆம் தேதி மதுக்கடைகள் திறந்தன. இடையில் நீதிமன்றத் தடை வந்தும், 16ஆம் தேதி மீண்டும் திறந்து விட்டன. கிராமப்புறங்களிலுள்ள சிறிய வழிபாட்டிடங்கள் ஜூலையிலும், ஏனையவை செப்டம்பர் 1ஆம் தேதியும் திறக்கப்பட்டன. நவம்பர் 10இல் சினிமாக் கொட்டகைகள். 2021 ஜனவரி 19இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள். பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து அணியுடன் இரண்டு டெஸ்ட் ஆட்டங்கள் நடந்தன. முதல் ஆட்டத்துக்குப் பார்வையாளர் இல்லை. 13ஆம் தேதி தொடங்கிய இரண்டாவது ஆட்டத்துக்குப் பாதி இருக்கைகளுக்கு ஆள் அனுமதித்தார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததோ 2021 நவம்பர் 1ஆம் தேதி! ஏழு வயதுக் குழந்தைதான் எல்லோருக்கும் கடைசியாக வாசற்படி மிதித்தது.

மதுக்கடை மே மாதம், பள்ளிவாசல் செப்டம்பரா என்று அந்நாளில் நம்மவர் கேட்காத இடமில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் பிறர் குறையைச் சுட்டுவதில் உள்ள சுகம் நம் குறையை மறைத்து விடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிவாசல் சாவி நம் கைக்கு வந்தபின் நாம் எதைத் திறந்தோம்? ஜும்ஆவைத் திறந்தோம். ஹவுளில் தண்ணீரை வடித்து விட்டு, வீட்டிலேயே ஒளு செய்து முஸல்லாவும் கொண்டு வாருங்கள் என்றோம். தரையில் இடைவெளிக்கு வட்டம் போட்டோம். 65 வயதைக் கடந்தவர்களும் 10 வயதுக்குட்பட்டவர்களும் வீட்டிலிருக்க அரசு அறிவுறுத்தியிருந்ததால் அவர்களைத் திருப்பி அனுப்பினோம். இவையெல்லாம் சரியே. ஆனால் பள்ளிவாசலை ஒட்டியிருக்கும் மக்தபின் பூட்டு அப்படியே தொங்கிற்று. நமது மஹல்லாவில் ஓராண்டுக்கு மேல் அது திறக்கவில்லை. அத்தனை நாளும் நடந்த நிர்வாகக் கூட்டங்களில் ஒலிபெருக்கி பழுது பார்ப்பது முதல் உண்டியல் வசூல் வரை பேசினோமே தவிர, பிள்ளைகள் ஓதுவது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாமும் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்தாம். உஸ்தாதின் சம்பளத்தைப் பாதியாக்கியபோதும் நாம் தலையசைத்தோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஷரீஅத் காக்க வந்தவை ஐந்து என்று வகுத்தார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள். அதன் பின் வந்த இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்கள் மனிதத் தேவைகளை மூன்று படியாக விரிவாக விளக்கினார்கள். இல்லாவிட்டால் வாழ்வே குலைந்து விடுபவை ஒரு படி. இல்லாவிட்டால் வாழ்வு நெருக்கடியாகி விடுபவை ஒரு படி. இருந்தால் அழகு சேர்ப்பவை ஒரு படி. கீழ்ப் படிக்காக மேற்படியைப் பலியிடலாகாது. இந்த அளவுகோலை மேலே சொன்ன தேதிகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிவைக் காப்பது ஐந்தில் ஒன்று. மைதானத்து ஆரவாரத்தை எந்தப் படியில் வைப்பீர்கள்?

விளையாட்டே வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். ருகானாவுடன் மல்யுத்தம் செய்திருக்கிறார்கள். உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு என்று உணர்த்தியிருக்கிறார்கள். வளரும் பையன் ஓடியாடுவது அவசியத் தேவை. உட்கார்ந்து கைதட்டுவதுதான் அலங்காரம். அன்று நடந்த வேடிக்கை என்னவென்றால், கைதட்டுவோருக்கு மைதானம் திறந்திருந்தது. ஓடியாட வேண்டிய சிறுவனின் பள்ளி மைதானம் பூட்டியிருந்தது. டிக்கெட் வாங்கத் தெரியாதவனுக்குக் கதவும் திறக்கத் தெரியவில்லை போலும்!

எனினும் வரிசை மட்டும் சரியாக இருந்தால் போதாது. திறப்பதால் வரும் ஆபத்து யாருக்கு என்பதே அதனினும் பெரிய கேள்வி. இதற்கு அம்வாஸ் கொள்ளை நோயைப் போன்ற பாடம் நமக்கு வேறில்லை.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, கி.பி. 639. ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் கண்டிருக்கும் செய்தி வந்தது. முஹாஜிர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், கருத்து இரண்டுபட்டது. அன்சார்களைக் கேட்டார்கள், அங்கும் அப்படியே. குறைஷிப் பெரியவர்களைக் கேட்டபோது, மக்களை அழைத்துக் கொண்டு திரும்பி விடுவதே சரியென்று ஒருமுகமாகச் சொன்னார்கள். திரும்ப முடிவு செய்த கலீஃபாவை நோக்கி, அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். விதியிலிருந்து விதிக்கே போகிறோம் என்பது உமர் (ரலி) அவர்களின் மறுமொழி. ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமையாகவும் மறு கரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது விதிப்படிதானே என்றும் விளக்கினார்கள். பிறகுதான் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து நபிமொழியை எடுத்துச் சொல்ல, உமர் (ரலி) அவர்கள் இறைவனைப் புகழ்ந்தார்கள்.

இந்தப் பாதியைத்தான் நாம் மிம்பரில் கேட்டு வருகிறோம். மறுபாதி இது: அபூ உபைதா (ரலி) அவர்களை எப்படியாவது காப்பாற்ற வேண்டுமென்று கலீஃபா கடிதம் அனுப்பித் தம்மிடம் அழைத்தார்கள். உட்கருத்தைப் புரிந்து கொண்ட அவர்கள், தம் படையினரை விட்டுவிட்டுத் தாம் மட்டும் வர மறுத்து அங்கேயே தங்கி வஃபாத்தானார்கள். அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அந்த நோயிலேயே வஃபாத்தானார்கள். அடுத்து வந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களோ மக்களை மலைகளுக்குப் பிரிந்து போகச் சொன்னார்கள்.

ஒருவர் திரும்பினார், ஒருவர் தங்கினார், ஒருவர் கலைத்து விட்டார். ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும். ஆனால் கூர்ந்து பார்த்தால், மூவரில் எவரும் தமது துணிச்சலுக்கு அடுத்தவன் உயிரை விலையாகக் கொடுக்கவில்லை. உமர் (ரலி) தம்மோடு வந்தவர்களை நெருப்பில் இறக்க மறுத்தார்கள். அபூ உபைதா (ரலி) தம்மவர்களை நெருப்பில் விட்டு விட்டுத் தாம் மட்டும் கரையேற மறுத்தார்கள். தவக்குல் என்பது தன் கணக்கில் வைப்பது. பிறன் கணக்கில் வைப்பதற்கு அமானிதம் என்று பெயர், அங்கே சட்டமே வேறு.

காய்ச்சலை மறைத்துக் கொண்டு ஸஃப்பில் வந்து நின்று, அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்றவர்களை நாம் கண்டோம். யாருடைய கணக்கில் அவர் அதைச் சொன்னார்? அவருக்கு நான்கு நாளில் குணமாகி விட்டிருக்கலாம். அவர் பக்கத்தில் நின்றவர் வீட்டில் எழுபது வயதுத் தாய் இருந்தாரே! இந்த நோயின் குணமே, தனக்கு நோய் இருப்பதை அறியாதவன் மூச்சின் வழியாகவும் அது பரவும் என்பது. அறியாதவன் நிலையே இப்படியிருக்க, அறிந்தவன் நிலை என்ன? நோயுற்ற ஒட்டகத்தின் சொந்தக்காரன் அதை நல்ல ஒட்டகங்களுக்கிடையே ஓட்டி வரலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பச்சைப் பூண்டு தின்றவனையே பள்ளிக்கு வராதே என்று விலக்கிய மார்க்கம் இது.

ஹதீஸ் கலையின் பேரறிஞர் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் கொள்ளை நோய் பற்றி ‘பத்லுல் மாஊன்’ என்றொரு தனி நூலே எழுதியிருக்கிறார்கள். தம் பெண்மக்களை அந்நோய்க்குப் பறிகொடுத்த தகப்பன் அவர். ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1430) கெய்ரோ நகரத்தார் நோன்பு நோற்று, திறந்த வெளியில் கூட்டமாகக் கூடித் துஆச் செய்தார்கள். கூடுமுன் நாளொன்றுக்கு 40க்கும் குறைவாக இருந்த மரணம், அம்மாதம் முடிவதற்குள் 1000ஐத் தாண்டிற்று என்று அவர் பதிந்திருக்கிறார்கள். தொற்று என்பதை இன்றைய மருத்துவர் விளங்குவது போல அவர் விளங்கியவரல்லர். எனினும் துஆவுக்காகக் கூடிய கூட்டமாயிற்றே என்று கண்ட கணக்கை மூடி மறைக்கவில்லை. அந்த நேர்மை நமக்கு வேண்டும்.

அப்படியானால் அடைத்தே வைத்திருப்பதுதான் பேணுதலா? அடைப்பதும் ஒரு செயலே, அதற்கும் விலையுண்டு, அந்த விலையையும் யாரோ ஒருவர் கொடுக்கத்தான் செய்கிறார். இந்த நோய் முதியவர்களைக் கொன்ற அளவுக்குச் சிறுவர்களை வாட்டவில்லை. ஆகவே முதியோர் உயிருக்காகப் பிள்ளைகள் தம் படிப்பை விட்டுக் கொடுத்தார்கள் என்றால் மிகையன்று. அதில் தவறில்லை, வீட்டுப் பெரியவரைக் காக்கப் பேரன் விட்டுக் கொடுப்பது நம் பண்பாடுதான். ஆனால் அவர்களைக் கேட்டா எடுத்தோம்? கேட்காமல் எடுத்தது கடன். கடனைத் திருப்புவது பர்ளு. அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தொடங்கி, தன்னார்வலர்களைக் கொண்டு மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு விட்டுப் போன பாடத்தைச் சொல்லித் தர முயன்றது. மக்தப் பிள்ளைகளின் விட்டுப் போன பாடத்துக்கு நாம் என்ன செய்தோம்?

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில், தொழுகைக்கு வாருங்கள் என்பதற்குப் பதிலாக வீடுகளில் தொழுது கொள்ளுங்கள் என்று பாங்கில் சொல்லப் பணித்தார்கள். மக்கள் முகம் சுளித்தபோது, நபியவர்களே அப்படிச் செய்ததுண்டு என்றும், உங்களைச் சேற்றிலும் வழுக்கலிலும் நடக்க வைக்க விரும்பவில்லை என்றும் சொன்னார்கள். அவர்கள் நினைத்தது உயிரைக் கூட அன்று, சேற்றை! பிறர் சிரமத்தை அந்த அளவுக்கு நினைத்தவர்களின் வழிவந்த நாம், பிள்ளைகளின் இழப்பைக் கணக்கெடுக்கவும் இல்லை.

நமது மஹல்லாவில் நாற்பதாண்டுகளாக முதல் ஸஃப்பில் நின்ற பெரியவர் ஒருவர் உண்டு. வயதைக் காட்டி நாம் திருப்பி அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். பாங்கு சொல்லும்போதெல்லாம் தொப்பியைப் போட்டுக் கொண்டு திண்ணையில் வந்து நிற்பார். ஒரு நாள் நம்மை நிறுத்தி, “என் ஸஃப்பு போச்சா தம்பி?” என்று கேட்டார். நோயாளிக்கும் பயணிக்கும் அவர்கள் வழக்கமாகச் செய்து வந்த அமலின் நன்மை எழுதப்படும் என்ற ஹதீஸைச் சொன்னோம். “அது சீக்காளிக்குல்ல? நான் நல்லாத்தானே இருக்கேன்?” என்றார். நமக்குப் பதில் வரவில்லை. தபூக் போரின்போது மதீனாவில் தங்க நேர்ந்தவர்களைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அவர்கள் உங்களோடு இருந்தார்கள், தக்க காரணமே அவர்களைத் தடுத்து விட்டது என்ற கருத்துப்பட அவர்கள் அருளியிருக்கிறார்கள். மறுநாள் போய்ச் சொன்னோம். கேட்டு விட்டு, கண்ணைத் துடைத்துக் கொண்டு, “அப்ப இந்தப் புள்ளைகளுக்கு?” என்று பூட்டியிருந்த மக்தபைக் காட்டினார்.

ஹதீஸ் பெரியவருக்குப் பதிலாயிற்று. பிள்ளைகளுக்கு ஆகவில்லை. தடுக்கப்பட்டவனுக்கு நன்மை எழுதப்படலாம். ஓதாத பாடம் தானாக நாவில் ஏறாது.

மக்தப் திறந்தபோது வந்தவர்கள் பாதிப் பேர்தான். ஐந்தாம் ஜுஸ்ஸு ஓதிக் கொண்டிருந்த பையன் ஒருவன் கறிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து விட்டான். இன்னும் இருவர் செருப்புக் கடையில். எழுத்து மறந்து போயிருந்தது. எட்டு வயதுச் சிறுவர்களோடு உட்கார்ந்து அலிஃப், பே சொல்ல அவர்களுக்கு வெட்கம். சொல்லியனுப்பியும் வரவில்லை. இப்போது கடை அடைத்த பிறகு, இரவு ஒன்பதரை மணிக்கு, உஸ்தாதே கறிக்கடை வாசலுக்குப் போகிறார். பலகையைக் கழுவி விட்டு மூவரும் அங்கே உட்கார்ந்து ஓதுகிறார்கள். அவருடைய சம்பளப் பாக்கியை நாம் இன்னும் முழுதாகக் கொடுத்து முடிக்கவில்லை.