உடைகிற குரல்

தாத்தா செத்த கதையை ஓப்பன் மைக்கில் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். சேரன்மகாதேவி ஆற்றங்கரை. கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பெரியப்பா சுற்றிவருகிறார். அவர் வேட்டி மடிப்பிலிருந்து செல்போன் அடிக்கிறது. ரிங்டோன் ஒரு குத்துப்பாட்டு. கூட்டம் சிரிக்கும், ஆனால் அளவாகத்தான்.

ஒரு நடிப்புப் பட்டறையில் சேர்ந்தேன். "நீ ஜோக்கைச் சொல்ற. அந்த இடத்துல நிக்கல" என்றார்கள். கண்ணை மூடு, அன்றைக்கு என்ன வாசனை? மணல் சுட்டதா? அந்த நொடியில் பெரியப்பாவுக்கு என்ன தேவைப்பட்டது? எல்லாம் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வழிவந்த பயிற்சிகள். பலன் உடனே தெரிந்தது. போனை நிறுத்தத் துடிக்கிற கை, குடத்தை விடமுடியாத தோள், இரண்டும் என் உடம்புக்கு வந்துவிட்டன. இரண்டு வரிகளை வெட்டினேன். சிரிப்பு கூடியது.

சிக்கல் அடுத்த பாடத்தில் வந்தது. ஜோக்குக்கு முன்னால் குரல் உடைந்தால் சிரிப்பு இன்னும் பெரிதாக வெடிக்கும். அந்தத் துக்கம் வராவிட்டால் வேறொரு துக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். லாரியில் அடிபட்ட எங்கள் வீட்டு நாயை நினைத்துக்கொண்டு "தாத்தா" என்றேன். குரல் உடைந்தது.

வீடியோவைப் பார்த்த அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "ஏல, அன்னைக்கு நீ அழவே இல்லியே?"

நல்ல நடிகன் எதையும் உணரக் கூடாது, உணர்வது பார்ப்பவரின் வேலை என்று தீதரோ 18ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டார். எங்கள் பக்கத்துக் கொடைகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முத்துப்பட்டன் கதை பாடும் வில்லிசைப் புலவர் வீசுகோலின் வேகத்தைக் கூட்டிக்கூட்டிச் சாமியாடிக்கு அருள் வரவைப்பார். பொம்மக்காவும் திம்மக்காவும் கதறும் இடத்தில், உடுக்கைக்காரருக்குக் கண்ணால் சைகை காட்டிக்கொண்டிருப்பார். அவரை யாரும் பொய்யர் என்பதில்லை. சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர், 'குளத்தங்கரை அரசமர'த்தில் ஒரு மரத்தை 'நான்' என்று பேசவைத்தார். மரம் பேசுமா என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. (குருகுலத்துப் பந்தியில் வந்த சண்டை வேறு.)

ஸ்டாண்டப் மேடையின் 'நான்' அப்படியில்லை. சொந்தப் பெயர், சொந்தச் சட்டை, சொந்தத் தாத்தா. 2023இல் ஹசன் மின்ஹாஜின் மேடைக் கதைகள் பல அப்படியே நடந்தவை அல்ல என்று 'நியூயார்க்கர்' எழுதியபோது, அவை உணர்வளவில் உண்மை என்றார் அவர். அந்த வாதத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. இரண்டு நாளில் நடந்ததை ஒரே நாளாக்காத காமெடியன் உண்டா? பெரியப்பாவின் போன் என் கதையில் நாலு தடவை அடிக்கிறது. நிஜத்தில் ஒரு தடவைதான்.

அப்படியானால் கோட்டை எங்கே போடுவது? எனக்குத் தோன்றுவது இது. மிகைப்படுத்தல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நாலாவது தடவை போன் அடிக்கும்போது, இவன் ஏற்றுகிறான் என்று தெரிந்தேதான் கூட்டம் சிரிக்கிறது. அதில் ஏமாந்தவர் யாருமில்லை. உடைந்த குரல் தன்னைக் காட்டிக்கொடுக்காது. என்னை நம்பு என்று கேட்கும். தெரிந்து தருகிற சிரிப்பு வேறு, தெரியாமல் பறிபோகிற இரக்கம் வேறு. போதாததற்கு, நான் அழுததாகக் காட்டிக்கொண்ட அந்த நாளில் நிஜமாகவே அழுதவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் கண்ணீரை நான் என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

நடிப்புப் பயிற்சியை விட்டுவிடவில்லை. நாயை மட்டும் விட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடினேன். மணல், புகை, ஈர வேட்டி. அழாமல் அன்றைக்கு நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன்? பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். என்னைத் தூக்கி வளர்த்த மனுஷன் எரியப்போகிறார், எனக்குச் சிரிப்பு வருகிறது. பத்து வருஷமாக இதை மறைக்கத்தான் ஜோக் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

போன வாரம் மேடையில் அதையே சொன்னேன். சிரிப்பு முன்னைவிடக் குறைவு. நடுவில் ஓர் அமைதி வந்தது, அது நான் திட்டமிட்டதல்ல. வீடியோவை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது. இன்னும் பதில் வரவில்லை.