நூறு வரை சொல்லச் சொல்லாதீர்கள், நாலு எடுத்துவரச் சொல்லுங்கள்

விருந்தாளி வந்ததும் மூன்று வயதுப் பிள்ளையைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, "மாமாவுக்கு நூறு வரைக்கும் சொல்லிக் காட்டு கண்ணா" என்று ஏவுகிறீர்களே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது, மாமா கைதட்டுகிறார், உங்களுக்கும் முகம் மலர்கிறது. கைதட்டல் ஓய்ந்ததும் அதே பிள்ளையிடம் பிஸ்கட் தட்டை நீட்டி, "மாமாவுக்கு நாலு எடுத்துக் கொடு" என்று சொல்லிப் பாருங்கள். கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். இரண்டாக இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். நூறு சொன்ன வாய்க்கு நாலு தெரியவில்லை.

பிள்ளைமேல் குற்றம் இல்லை. எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது ஒன்று, அந்தப் பெயருக்கு எத்தனை பொருள் என்று அறிவது வேறொன்று. முதலாவது பாட்டு மாதிரி வாயில் ஓடிவிடும். 1978இல் ரோஷெல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள், எண்ணுவது என்ற ஒரே செயலுக்குள் ஐந்து விதிகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான். பெயர்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன பெயரே மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் தொகை ஒன்றே.

மூன்றாவது விதியில்தான் பிள்ளைகள் நெடுநாள் நிற்கின்றன. தரையில் நாலு புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று விரல் வைத்து ஒழுங்காகவே எண்ணும். "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் வராது. மறுபடியும் "ஒண்ணு, ரெண்டு" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். நீங்கள் இன்னொரு தடவை எண்ணச் சொல்கிறீர்கள் என்றுதான் அது நினைக்கிறது. சரியாக ஒன்று எடுத்துக் கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு கொடுக்கத் தெரியவே மாதங்கள் ஆகும். மூன்றுக்கு இன்னும் சில மாதம். அந்த மாதங்களைப் பிள்ளையிடமிருந்து களவாடாதீர்கள்.

களவாடத்தான் செய்கிறோம். 1 முதல் 50 வரை ஐந்து தடவை எழுதிவரச் சொல்லி எல்.கே.ஜி. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் தருகிறது பள்ளி. தராத பள்ளியை, "அங்கே ஒண்ணுமே சொல்லித் தர்றதில்லை" என்று திட்டிவிட்டு வேறு பள்ளி தேடுவது பெற்றோர். பள்ளியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. இந்த வயதில் வாய்மொழித் தேர்வோ எழுத்துத் தேர்வோ எந்தக் காரணம் கொண்டும் வைக்கக் கூடாது என்று என்.சி.இ.ஆர்.டி. 2019இலேயே முன்பருவக் கல்விக்கான வழிகாட்டியில் சொல்லிவிட்டது. யார் கேட்கிறார்கள்? பென்சிலை இறுக்கிப் பிடித்து, 8 போட வராமல் அழுகிற பிள்ளைக்கு எட்டு என்றால் அழுகைதான் நினைவுக்கு வரும். விரல் விட்டு எண்ணினால் கையில் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தட்டாதீர்கள். எப்போதும் கூடவே இருக்கிற எண்ணும் கருவி அது ஒன்றுதான்.

"ஒன்றாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதும் தவறு. தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஒன்றாம் வகுப்பு முதலான பிள்ளைகளுக்கானதே. அதற்கு முந்தைய வருடங்களில் பெரும்பகுதி உங்கள் வீட்டில்தான் கழிகிறது. 2007இல் கிரெக் டங்கனும் மற்றவர்களும் ஆறு பெரிய ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளை பின்னாளில் எப்படிப் படிக்கும் என்பதை, பள்ளியில் நுழையும்போது அதற்கிருந்த எண்ணறிவே எல்லாவற்றையும்விட நன்றாக முன்கூட்டிக் காட்டியது. (இதைப் படித்துவிட்டு டியூஷன் சேர்க்க ஓடுகிறவர்கள் இருப்பார்கள். தயவுசெய்து உட்காருங்கள்.)

இன்று ராத்திரி சாப்பாட்டிலேயே தொடங்கிவிடலாம். "நாலு பேர் சாப்பிடப் போறோம், ஆளுக்கொரு தட்டு வை." பிள்ளை மூன்று வைத்துவிட்டு நிற்கும். நீங்கள் நாலாவதை எடுத்து வைத்துவிடாதீர்கள். உட்காருங்கள். தாத்தாவுக்கு முன்னால் தட்டு இல்லை என்று அதுவே காணட்டும். காணும். ஓடிப்போய் இன்னொன்று எடுத்துவரும். "மூணு இருந்துச்சு, ஒண்ணு கொண்டுவந்தே, இப்போ நாலு" என்று அப்போது சொல்லுங்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் பொருளைக் காட்டி, அதுவும் நாலிலிருந்து பத்து வரை உள்ளவற்றைக் காட்டி, எண்ணைச் சொல்லிப் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொகையறிவு நன்றாக வருவதை சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த எலிசபெத் கண்டர்சனும் சூசன் லெவினும் கண்டிருக்கிறார்கள். இதற்குத் தேவை காசு அல்ல, நீங்கள் போனைக் கீழே வைக்கிற பத்து நிமிடம்.

பரணில் பல்லாங்குழி இருந்தால் இறக்குங்கள். முழு ஆட்டம் நாலு வயதுக்குப் புரியாது, புரியவும் வேண்டாம். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்; ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்ற முதல் விதி அங்கே விரல் வழியாகவே ஏறிவிடும். ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளுகிறோமே, பிள்ளை நாலைந்து ஆட்டத்தில் எண்ணாமலே பசுவைக் கண்டுபிடித்துக் கத்தும். பார்த்தவுடன் தொகை தெரிகிற அந்தத் திறனைக் கணக்கின் வேர் என்கிறார்கள். வெறுங்குழியைத் தடவும்போது "இங்கே ஒண்ணுமே இல்லை" என்று சொல்லுங்கள். பூஜ்யத்துக்கு வேறு பாடம் வேண்டாம். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின், குச்சிகளை எண்ணிப் போடும் கதிர்ப்பெட்டியிலும் 0 என்று எழுதிய அறை காலியாகவே இருக்கும். அஞ்சாங்கல்லும் அப்படித்தான். ஒரு கல்லைத் தூக்கிப் போட்டால் மிச்சம் நாலு. அதை ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, பிறகு நாலையும் சேர்த்து அள்ளுகிறோம். தூக்கிப் போட்டுப் பிடிக்கத் தெரியாத சின்னதுக்கு அள்ளுவதை மட்டும் கொடுங்கள்.

ஆனால் விளையாட விட்டாலே போதும் என்று நினைத்து ஏமாறவும் வேண்டாம். டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில், பிரதம் அமைப்பின் பாலர் பள்ளிகளில், எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கே முதலியோர் கணக்கு விளையாட்டுகளை வைத்து ஒரு பெரிய சோதனை செய்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். எது அதிகம், எது குறைவு என்று கண்ணால் மதிப்பிடும் திறன் பிள்ளைகளிடம் கூடியது, ஒரு வருடம் கழித்தும் நிலைத்தது. பள்ளிக்கணக்கு மட்டும் கூடவில்லை. கையில் இருக்கும் கொட்டைக்கும், வாய் சொல்லும் 'அஞ்சு'க்கும், தாளில் இருக்கும் 5க்கும் யாராவது பாலம் போட வேண்டும். அது தானாக நடக்காது.

பாலம் போட ஒரு வழி. சாக்பீஸால் தரையில் நேர்வரிசையாகப் பத்துக் கட்டம் போட்டு, 1 முதல் 10 வரை எழுதுங்கள். தாயத்துக்குச் செய்வதுபோல் ஒரு புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெளுப்பாக்குங்கள். வெள்ளை விழுந்தால் ஒரு கட்டம், கறுப்பு விழுந்தால் இரண்டு கட்டம். நகர்த்தும்போது கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும்: 4இல் நிற்கிற காய் இரண்டு நகர்ந்தால் "அஞ்சு, ஆறு". "ஒண்ணு, ரெண்டு" அல்ல. ஏறக்குறைய இதே ஆட்டத்தைத்தான் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் அமெரிக்காவின் ஏழை வீட்டுப் பிள்ளைகளோடு ஆடிப் பார்த்து 2008இல் எழுதினார்கள். தடவைக்குக் கால் மணி நேரம், நாலே தடவை. எண்ணறிவு கூடியது, ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் இருந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் தீட்டிய கட்டங்களில் ஆடிய பிள்ளைகளுக்கு அப்படிக் கூடவில்லை.

ஆட்டத்தில் பிள்ளை தப்பாகச் சொல்லும். "தப்பு" என்று பாயாதீர்கள், கையிலிருந்து காயைப் பிடுங்காதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரை அந்த நேரத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். "எப்படி எண்ணினே, எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். பாதி நேரம் அதுவே திருத்திக்கொள்ளும். இன்னொன்று: மூன்று வயது நிரம்பாத பிள்ளை கையில் புளியங்கொட்டை, சோழி, பட்டாணி எதுவும் கூடாது. வாயில் போடும், மூக்கில் திணிக்கும். அதற்கு ஸ்பூன், டம்ளர், உருளைக்கிழங்கு போதும். பெரிய பிள்ளையானாலும் ஆட்டம் முடியும் வரை கூடவே இருங்கள், முடிந்ததும் கொட்டைகளை எண்ணி டப்பாவில் போடுங்கள். அந்த எண்ணிக்கையையும் பிள்ளையே சொல்லட்டும்.

சேர்க்கைக்காகப் பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ போகிறவர்கள் வகுப்பறைக்குள் எட்டிப் பாருங்கள். மணிச்சட்டமும் மரக்கட்டைகளும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பிளாஸ்டிக் உறை பிரியாமல் பீரோவின் தலைமேல் இருக்கின்றனவா? மேலே இருந்தால், "இதைப் பிள்ளைங்க கடைசியா எப்போ எடுத்தாங்க டீச்சர்?" என்று மரியாதையாகவே கேளுங்கள். கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பு கேட்டுவிடுங்கள்.