அழுக்குத் தெரியாத நிறம்

காரைக்குடியில் பெயின்ட் கடைக்கு வரும் தம்பதிகளைக் கவனித்திருக்கிறேன். எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர், யார் அடிப்பது எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். கலர் கார்டு மட்டும் அவள் கைக்கு வரும். "உனக்குப் பிடிச்சதைச் சொல்லு." கடைசியில் மிஞ்சுபவை பெரும்பாலும் இரண்டு: ஐவரி, சந்தனம். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இதை அற்ப விஷயம் என்று நான் ஒதுக்கமாட்டேன். நாளெல்லாம் அந்தச் சுவரோடு இருக்கப்போகிறவள் அவள். ஆனால் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறாள்? நான் கேட்டவர்களில் பலர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "சந்தனம்னா அழுக்குத் தெரியாது." பிடித்தது ஐவரியாக இருக்கும். பிள்ளைகளின் கைத்தடத்தையும், எண்ணெய்த் தலை சாய்ந்த கறையையும், சுவிட்சைச் சுற்றிய கருப்பையும் துடைக்கப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும். கண்ணுக்கு முன்னால் தோள்வலி தேர்ந்தெடுத்துவிடுகிறது. அதற்குப் பெண்களின் ரசனை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பெயின்டே கேட்காத சுவர்களும் இந்த ஊரில் உண்டு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவர்கள். தந்த நிறம், தொட்டால் குளிரும். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பார்க்க வருகிறவர்கள் கொத்தனாரைப் புகழ்கிறார்கள்; சுண்ணாம்பு சுமந்த சித்தாளை யாரும் கேட்பதில்லை. அந்தப் பளபளப்பும் விருந்தினர் கண்படும் முகப்புக்கும் வளவுக்கும்தான். பின்கட்டு அடுப்படியின் நிறத்தை விறகுப்புகை முடிவுசெய்தது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "வேலை குறையுற நிறத்தை எடுக்கறது புத்திசாலித்தனம்தானேம்மா? இதுல என்ன அடிமைத்தனம்?" நல்ல கேள்வி. அவள் தேர்வில் தவறில்லை. அதை வீட்டில் அவளுக்குள்ள உரிமைக்கு அத்தாட்சியாகக் காட்டுவதில்தான் எனக்குச் சங்கடம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989-இலேயே வந்தது, அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டு. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. இன்றும் நிறத்தைக் கேட்டால் 'பாவம், ஆசைப்படுறா'. பங்கைக் கேட்டால் 'பேராசைக்காரி'.

துடைக்கும் வேலை எல்லோருக்கும் பொதுவான வீட்டிலும் அவள் சந்தனத்தையே எடுத்தால், அது அவள் ரசனை என்று ஒப்புக்கொள்வேன் என்றேன்.

அந்த மாணவி வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறாள். அம்மா ஆசைப்பட்ட ஐவரியையே அடித்தார்கள். சுவரைத் துடைப்பது ஞாயிறுதோறும் தம்பியின் பொறுப்பு. மூன்றாவது வாரமே, சந்தனம் அடித்திருக்கலாம் என்று அவன் முணுமுணுத்தானாம்.