முறையீடும் நம்பிக்கையும்

இறைவனை நோக்கி முறையிடுதல் நம்பிக்கைக்கு இழுக்காகுமா? சமயத்தை வாழ்வின் அச்சாகக் கொண்ட எச்சமுதாயத்திலும் என்றேனும் எழுந்தே தீரும் வினா இது. நல்லோர் நலிவதையும் தீயோர் தழைப்பதையும் காணும் மனிதன், நீதியாளன் எனத் தான் போற்றும் இறைவனிடமே அதற்குக் காரணம் கேட்கிறான். அவ்வாறு கேட்பது அவனுக்குரிய உரிமையா, அன்றி வரம்பு மீறலா என்பதில் அறிஞர் ஒருமைப்பட்டதில்லை.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த காத்தான்குடியில் 1913 ஆம் ஆண்டு பிறந்து, 1984 இல் மறைந்த கவிஞர் அப்துல் காதர் லெப்பை, இவ்வினாவை ஈழத்துத் தமிழ்க் கவிதைக்குக் கொணர்ந்தவருள் குறிப்பிடத்தக்கவர். உமர் கையாமின் 'ருபாய்யாத்'தைத் தமிழாக்கிய அவரே, 'இக்பால் இதயம்' என்னும் நூலையும் ஆக்கியளித்தார். ஐயத்தின் கவிஞர் எனப்படுபவரையும் நம்பிக்கையின் கவிஞர் எனப்படுபவரையும் ஒரே நெஞ்சம் எவ்வாறு ஏற்றது என்பது சிந்தித்தற்குரியது.

உமர் கையாம் (1048–1131) பாரசீகத்து நைசாப்பூரிற் பிறந்த கணித மேதை. முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுகளின் துணையால் தீர்த்தவர். அவர் பெயரால் வழங்கும் நாலடிப் பாக்களில், குயவன் கைப்பட்ட மட்கலங்கள் தம்மை வனைந்ததும் உடைப்பதும் எதன் பொருட்டு என வினவுகின்றன. அவ்வினாவிற்கு விடை வருவதில்லை. உலகின் மௌனத்தை மௌனமாகவே விட்டுவிடும் நேர்மை அப்பாக்களில் உண்டு.

இக்பாலின் நெறி வேறு. கேம்பிரிட்ஜிற் பயின்று, மியூனிக்கில் மெய்யியற் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1911 இல் லாகூரில் 'ஷிக்வா' என்னும் முறையீட்டுப் பாடலை அரங்கேற்றினார். ஏக இறைவனின் பெயரைத் திசையெங்கும் பரப்பியவர் தாழ்வுற்றுக் கிடக்க, ஏனையோர் மேம்பட்டிருப்பது என்ன நீதி என்பதே அதன் சாரம். அப்பாடல் மார்க்க அறிஞர் சிலரின் சினத்திற்கு இலக்காயிற்று. 1913 இல் அவரே 'ஜவாபே ஷிக்வா' என மறுமொழியும் பாடினார். அதில் இறைவனே பேசுகிறான்: முன்னோர் பெருமையை உரைப்போரிடம் முன்னோரின் பண்பு எங்கே என்று கேட்கிறான். வழக்காட வந்தவனே குற்றக் கூண்டில் நிற்க நேர்கிறது.

மறுப்பும் முறையீடும் ஒன்றல்ல என்பது ஈண்டு தெளிவாகும். நீதிபதி இல்லையெனத் துணிந்தவன் மன்றுக்குச் செல்வதில்லை. முறையிடுபவனோ, கேட்போன் உளன் என்பதையும் அவன் நீதிக்குக் கட்டுப்பட்டவன் என்பதையும் ஏற்றுக்கொண்டே வாய் திறக்கிறான். தம் துயரை இறைவனிடமே முறையிடுவதாக யாகூப் நபி கூறியதைக் குர்ஆன் எடுத்துரைக்கின்றது. ஆயினும் பொறுமைக்கு இலக்கணமானவராகவே அவர் போற்றப்படுகிறார். கண்ணொளி இழந்த சுந்தரர் சிவனோடு பிணங்கிப் பாடியதைத் தமிழ்ச் சைவம் பக்தியெனவே கொண்டது.

எனினும் ஒரு தடை எழுப்பப்படலாம். செய்த தொண்டுக்குக் கூலி கேட்பதும் முறையீடு ஆகிவிடாதா? ஆகிவிடும். அவ்வாறாயின் அது வழிபாட்டை வாணிகமாக்குவதாகும். ஆதலின் முறையீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: மறுமொழி தன்னையே குற்றஞ்சாட்டுமாயினும் அதனைச் செவிமடுக்க முறையிடுபவன் ஒருப்பட வேண்டும். முதற் பாடலோடு நின்றிருப்பின் இக்பாலின் குரல் வெறும் மனக்குறையாகவே எஞ்சியிருக்கும்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கவிஞர் மறைந்து ஆறாண்டுகளின் பின், 1990 ஆகஸ்ட் 3 ஆம் நாளிரவு, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறைவனை வணங்கும் வேளையிலேயே மைந்தனை இழந்த தாய் 'ஏன்?' என்று கதறினால், அவளை நம்பிக்கை இழந்தவள் என்று எவர் கூறத் துணிவார்? 2019 ஏப்ரல் 21 இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் உயிரைப் பறித்த குழுவின் தலைவனும் அதே ஊரிற் பிறந்தவன். அவனிடம் வினா எதுவும் இருந்ததில்லை; விடை மட்டுமே இருந்தது. அவனை முன்னரே எதிர்த்து, அதிகாரிகளிடம் முறையிட்டோரும் அவ்வூரவரே என்பது மறக்கற்பாலதன்று.

கையாமின் ஐயம் மனிதனுக்குத் தன் அறிவின் எல்லையைக் காட்டுகிறது. இக்பாலின் முறையீடு அவனுக்குத் தன் கடமையைக் காட்டுகிறது. முன்னது இன்றிப் பின்னது செருக்காகும். பின்னது இன்றி முன்னது சோர்வாகும். இவ்விரண்டையும் ஒரு கவிஞர் தம் தாய்மொழியில் அருகருகே வைத்துச் சென்றது தற்செயலாயினும் ஆகுக. கேட்கத் தெரிந்த நம்பிக்கையே பிறர் துயரையும் கேட்கும் என்னும் உண்மை அவ்விணைப்பில் விளங்குகின்றது.