எர்த் ஒயர்

அப்பா எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் 32 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூர் வீட்டு வாசலில் கோணிப்பையை விரித்து, ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கிவிட்டு உட்காருவார். சைக்கிள் பிரேக், ஒழுகும் குழாய், அம்மாவின் தையல் மிஷின் என எல்லாம் அந்தக் கோணிக்கு வந்து சேரும். கை இருக்கும்போது காசு எதற்கு என்பதுதான் எங்கள் வீட்டுப் பாடம் என்று நம்பியே வளர்ந்தேன்.

எங்கள் வட்டாரத்துக்கே அந்தப் பெருமிதம் உண்டு. எம்.ஆர்.எஃப். 1946இல் பலூன் செய்யும் ஒரு கொட்டகையாகத் தொடங்கியது திருவொற்றியூரில்தான். இந்தியாவில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரானதும் இங்கேதான். லேலண்ட் லாரிகள் எண்ணூரிலிருந்து புறப்பட்டன. திருப்புளி பிடிக்கத் தெரிந்த ஓர் ஆளாவது இல்லாத வீடு எங்கள் தெருக்களில் குறைவு. ஆள் கூப்பிடுவது இங்கே கொஞ்சம் கௌரவக் குறைச்சலான காரியம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் தண்ணீர் மோட்டார் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் 700 ரூபாய் கேட்டார். அதற்கும் மூன்று நாள் ஆகும் என்றார். அப்பா அப்போது இல்லை. அவருடைய ஸ்பேனர்கள் இருந்தன. புது மோட்டார் வாங்கி வந்து நானே மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஓடியது. அன்று இரவு நிறைவாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது கொல்லையில் இரும்புக் குழாயைத் தொட்ட அம்மா அலறினார். கையை உதறிக்கொண்டதால் பிழைத்தார். நான் எர்த் ஒயரைக் கொடுக்காமல் விட்டிருந்தேன்.

ஓடி வந்த எலக்ட்ரீஷியன் என்னைத் திட்டவில்லை. “எர்த் இல்லாட்டியும் மோட்டார் நல்லாத்தான் ஓடும் சார். யாராவது தொடுற வரைக்கும் தெரியாது” என்றார். அவர் போன பிறகு அம்மா மெதுவாகச் சொன்னார்: “அப்பாவே கரண்டு வேலைன்னா ஆளைத்தாம்பா கூப்பிடுவாரு. நீ ஸ்கூலுக்குப் போயிருப்ப, பாத்திருக்க மாட்ட.”

அப்பாவிடம் நான் கற்றது பாதிப் பாடம்தான் என்று அன்று தெரிந்தது. ஆலையில் ஃபிட்டர் மின்பேனலைத் தொடுவதில்லை. எலக்ட்ரீஷியன் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டி, எச்சரிக்கை அட்டை தொங்கவிட்ட பிறகுதான் ஃபிட்டர் இயந்திரத்தில் கை வைப்பார். தன் கைக்கு எது வரும், எது வராது என்று அறிவதும் தொழிலாளியின் திறமையில் ஒரு பங்கு. அந்தப் பங்கு வாசல் கோணிப்பையில் என் கண்ணில் படவில்லை.

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த விசைப்படகுக்காரர் ஒருவரிடம் இதே அறிவைப் பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வருமானம் கிடையாது. அந்த நாட்களில் வலையை அவரும் தம்பிகளும் உட்கார்ந்து தாங்களே சரிசெய்வார்கள். பெயின்டும் அவர்களே அடிப்பார்கள். ஆனால் என்ஜினைப் பிரிக்க மெக்கானிக், பலகை மாற்றப் படகுத் தச்சர். கடன் வாங்கியாவது அந்தக் கூலியைக் கொடுத்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். “வலை கிழிஞ்சா மீனு போவும். கடல் நடுவுல என்ஜின் நின்னா ஆளு போவும்” என்றார்.

நேரம் மிச்சமா, காசு மிச்சமா என்று நாம் கணக்குப் போடுகிறோம். அவர் கேட்பது வேறு கேள்வி: தப்பு நடந்தால் அது யார் தலையில் விழும்? என் பணத்தோடும் என் ஒரு நாளோடும் போகிற தப்பு என்றால் நானே செய்து பார்க்கலாம். கெட்டுப்போனாலும் ஒரு தொழில் கற்றுக்கொண்டதாக இருக்கும். இன்னொருவர் உடம்பில் போய் விழுகிற தப்பு என்றால், தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்.

ஆனால் கூலி கொடுத்ததோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரிக்கு ஒரு தொகை. வாளியோடு உள்ளே இறங்கச் சம்மதிக்கும் மனிதருக்கு அதைவிடக் குறைந்த தொகை. குறைந்த தொகைக்குத் தலையாட்டுகிறவர்கள் பல தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளை நொடியில் சாய்த்துவிடும்; காப்பாற்ற இறங்குகிறவரும் பல நேரம் திரும்புவதில்லை. பாதுகாப்பு இல்லாமல் மனிதரை அப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டியிருந்தது என்பதே வேதனை.

கையால் தொடக்கூடாததைக் கையால் அள்ளியவர்களை எங்கள் கடற்கரை இரண்டு முறை பார்த்திருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தபோதும், படகோடு இறங்கி அள்ளியவர்கள் மீனவர்களே. கூலி கொடுக்கப்பட்டது என்பதால் அந்த வேலை நியாயமாகிவிடாது.

நான் செய்யத் துணியாத வேலைக்கு ஆள் கூப்பிடும்போது, என்னைவிட அதிகம் தெரிந்தவரைக் கூப்பிடுகிறேனா, என்னைவிட அதிகம் வறுமைப்பட்டவரைக் கூப்பிடுகிறேனா? முதலாவதற்குப் பெயர் உதவி. இரண்டாவது, என் ஆபத்தை இன்னொருவர் தலையில் ஏற்றுவது.

சைக்கிளை நீங்களே கழற்றிப் பாருங்கள். குழாய்க்கு வாஷர் போடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மின்சாரத்துக்குத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அவரிடம் பேரம் பேசாதீர்கள். தொட்டி நிரம்பினால் 14420 என்ற எண்ணுக்கு அழைத்து லாரியை வரவழையுங்கள். எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், எந்த மனிதரையும் உள்ளே இறங்க விடாதீர்கள்.